பூஜ்யம் வரும் வரை: டென்னிஸ் ரிட்சி

லைப்ரரி ஃபங்ஷன் இல்லாமல் ஸ்டிரிங்கை காப்பி செய்யும் புரோகிராமை எழுதாமல் நம்மில் யாரும் சி லேப்பைத் தாண்டியிருக்க மாட்டோம். எந்த டிபார்ட்மென்டாக இருந்தாலும் அந்த நாலு வரி உண்டு. ஒரு லூப். ஒவ்வொரு எழுத்தாகத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கும், பூஜ்யம் வந்ததும் நிற்கும். அவுட்புட் வந்ததா, ரெக்கார்டில் சைன் வாங்கினோமா, கேன்டீனுக்குப் போனோமா, அவ்வளவுதான். அந்தப் பூஜ்யம் ஏன் அங்க இருக்குன்னு லேப்ல யாரும் சொல்லித்தரலை. அதை அங்க வச்ச ரெண்டு பேர்ல ஒருத்தரோட கதைதான் இது.

டென்னிஸ் மெக்அலிஸ்டர் ரிட்சி 1941 செப்டம்பர் 9 அன்று நியூயார்க் மாநிலத்தின் பிராங்ஸ்வில்லில் பிறந்தார். அப்பா அலிஸ்டர் ரிட்சி பெல் லேப்ஸ் விஞ்ஞானி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குத் தேவையான ஸ்விட்சிங் சர்க்யூட் பற்றிப் புத்தகம் எழுதியவர்களில் ஒருவர். டென்னிஸ் சின்னப் பையனாக இருக்கும்போதே குடும்பம் நியூஜெர்சியின் சம்மிட் என்ற ஊருக்கு வந்துவிட்டது. அங்கிருந்து பெல் லேப்ஸ் பக்கம்தான். அப்பா வேலை பார்த்த இடத்திலேயே மகனும் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ரிட்டயர் ஆனார். நம்ம ஊர் மில்லிலும் ரயில்வேயிலும் நடக்கிற கதை மாதிரிதான்.

ஹார்வர்டில் அவர் படித்தது கம்ப்யூட்டர் இல்லை, இயற்பியல். அங்கே யூனிவாக் கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு லெக்சர் கேட்டதும் மனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. 1963-ல் டிகிரி முடித்து, அங்கேயே அப்ளைடு மேத்ஸில் பிஎச்டிக்குச் சேர்ந்தார். எடுத்த தலைப்பைக் கொஞ்சம் கவனிங்க, பின்னாடி தேவைப்படும். லூப் புரோகிராம் என்று ஒரு வகை. அதில் ஒரு லூப்புக்குள் நுழையும் முன்பே அது எத்தனை முறை சுற்றும் என்று முடிவாகிவிடும். உள்ளே போன பிறகு அந்த எண்ணிக்கையை மாற்ற முடியாது. அதனால் அந்த மாதிரி புரோகிராம் எப்படியும் ஒரு நாள் நிற்கும், முடிவில்லாமல் ஓடாது. இந்த வகை புரோகிராம்களின் சிக்கலை எப்படி அளப்பது என்று ஆல்பர்ட் மேயர் என்ற நண்பரோடு சேர்ந்து 1967-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1968-ல் தீசிஸும் எழுதி முடித்தார்.

ஆனால் பிஎச்டி வாங்கவில்லை! தீசிஸ் ஏற்கப்பட்டுவிட்டது. பைண்ட் செய்த ஒரு பிரதியை ஹார்வர்ட் லைப்ரரியில் வைக்க வேண்டும், பாக்கி அது மட்டும்தான். அதை அவர் கடைசி வரை செய்யவே இல்லை. பைண்டிங் காசை யார் கொடுப்பது என்பதில் வந்த வீம்பு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். காரணம் எதுவாக இருந்தாலும் டாக்டர் பட்டம் இல்லாமலே வாழ்க்கை ஓடிவிட்டது. ஃபைனல் இயர் புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு மூணு காப்பி ஹார்டு பைண்டிங் போட அலையும் எங்க பேட்ச்சுக்கு இதைப் படிச்சதும் ஒரு சின்ன சந்தோஷம்.

1967-ல் பெல் லேப்ஸில் சேர்ந்தார். அப்போது அங்கே மல்டிக்ஸ் என்ற பெரிய ஆப்பரேட்டிங் சிஸ்டம் வேலை நடந்துகொண்டிருந்தது. எம்ஐடி, ஜெனரல் எலக்ட்ரிக், பெல் லேப்ஸ் மூன்றும் சேர்ந்த கூட்டு முயற்சி. இழுத்துக்கொண்டே போனதால் 1969-ல் பெல் லேப்ஸ் கழன்று கொண்டது. கையில் வேலை இல்லாமல் நின்றவர்களில் கென் தாம்சன் ஒருவர். ஓரமாகக் கிடந்த பிடிபி-7 என்ற பழைய மெஷினில் அவர் தனக்குப் பிடித்த மாதிரி ஒரு சின்ன சிஸ்டம் எழுதத் தொடங்கினார். ரிட்சியும் சேர்ந்துகொண்டார். அதுதான் யூனிக்ஸ் ஆனது. இந்தக் கதை உங்களுக்கு ஓஎஸ் கிளாஸிலேயே தெரிந்திருக்கும், அதனால் வேகமாகத் தாண்டிடுறேன்.

கதை இங்கேதான் நம்ம பூஜ்யத்துக்கு வருது.

மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1967-ல் உருவாக்கிய பிசிபிஎல் என்ற மொழி இருந்தது. அதைச் சுருக்கி தாம்சன் பி என்ற மொழியைச் செய்தார். பியிலிருந்து ரிட்சி 1971 முதல் 1973 வரை வளர்த்து எடுத்ததுதான் சி. பிசிபிஎல்லில் ஒரு ஸ்டிரிங்கின் முதல் இடத்தில் அதன் நீளம் இருக்கும். பத்து எழுத்து என்றால் முதலில் 10, பிறகு எழுத்துகள். பியில் இந்த முறை மாறியது. நீளம் எழுதுவதில்லை, கடைசியில் முடிந்தது என்று சொல்லும் ஒரு அடையாள எழுத்து. சியில் அந்த அடையாளம் பூஜ்ய பைட் ஆனது.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு ஊர் ஊர்வலத்தை வச்சு யோசிங்க. ஒரு முறையில் முன்னால் போகிறவர் கையில் மொத்தம் 42 பேர் என்று சீட்டு இருக்கும். இன்னொரு முறையில் சீட்டு கிடையாது, கடைசி ஆள் சிவப்புக் கொடி பிடித்து வருவார், கொடி வந்தால் ஊர்வலம் முடிந்தது என்று அர்த்தம். கொடி முறை ரொம்ப வசதி. எத்தனை பேர் வந்தாலும் சீட்டைத் திருத்த வேண்டாம். ஆனால் கொடி பிடித்தவர் நடுவில் டீ குடிக்க ஒதுங்கிவிட்டால்? பின்னால் வருகிற சைக்கிள், ஆட்டோ, ஆட்டுக்கூட்டம் எல்லாமே ஊர்வலக் கணக்கில் சேர்ந்துவிடும்.

இதை ஏன் செய்தார்கள் என்பதற்கு ஒரு பைட் மிச்சம் பிடிக்கத்தான் என்று யூடியூபில் நிறைய பேர் சொல்கிறார்கள். ரிட்சியே 1993-ல் சியின் வரலாறு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் கொடுக்கும் காரணம் வேறு. நீளத்தை 8 அல்லது 9 பிட்டில் வைத்தால் ஸ்டிரிங் 255 அல்லது 511 எழுத்துக்கு மேல் போகாது, அந்தக் கட்டுப்பாடு வேண்டாம் என்று நினைத்தார்கள். கூடவே, எண்ணிக்கையைக் கட்டிக் காப்பதைவிட முடிவு அடையாளம் கையாள எளிதாக இருந்ததாக அவர்கள் அனுபவம். அதாவது கஞ்சத்தனம் இல்லை, சௌகரியம்.

அந்த மெஷினையும் பாருங்க. யூனிக்ஸ் அடுத்து குடியேறிய பிடிபி-11-ல் மொத்த மெமரி 24 கிலோபைட். அதில் 16 சிஸ்டத்துக்கு, 8 பயன்படுத்துபவர்களுக்கு. 1971-ல் அதை வைத்து பெல் லேப்ஸின் பேட்டன்ட் டிபார்ட்மென்டில் டைப்பிஸ்டுகள் விண்ணப்பங்களை அடித்துக்கொண்டிருந்தார்கள். நீங்க வாட்ஸ்அப்பில் அனுப்புகிற ஒரு குட் மார்னிங் படமே அதைவிடப் பெரிசு. புரோகிராம் எழுதுபவரும் அதைப் பயன்படுத்துபவரும் ஒரே கட்டடத்தில் இருந்தார்கள். வெளியிலிருந்து வேண்டுமென்றே நீளமான ஸ்டிரிங் அனுப்பி மெஷினைப் பிடிக்க ஒருவன் வருவான் என்று அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்து யோசிப்பது கஷ்டம்தான்.

1973-ல் யூனிக்ஸின் கெர்னலையே சியில் திரும்ப எழுதினார்கள். அதற்கு முந்தின வருஷம் தாம்சன் முயன்று பார்த்துக் கைவிட்டிருந்தார். அப்போது சியில் ஸ்ட்ரக்ச்சர் கிடையாது. ரிட்சி ஸ்ட்ரக்ச்சரைச் சேர்த்த பிறகுதான் வேலை நடந்தது. என்னைக் கேட்டால் ரிட்சியின் பெரிய சாதனை அந்த வருஷம்தான். ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்றால் அசெம்ப்ளியில்தான் எழுத வேண்டும் என்று பெரும்பாலானவர்கள் நம்பிய காலம் அது. சியில் இருந்ததால் யூனிக்ஸ் ஒரு மெஷினோடு கட்டிப்போடப்படாமல் வேறு வேறு மெஷினுக்குப் போக முடிந்தது. 1978-ல் பிரையன் கெர்னிகனோடு சேர்ந்து எழுதிய சி புத்தகம் வந்தது. நம்ம சீனியர்கள் கே அண்ட் ஆர் என்று சொல்வது அதைத்தான். 1983-ல் தாம்சனுக்கும் ரிட்சிக்கும் டூரிங் விருது.

சரி, அந்த காப்பி லூப்புக்கு வருவோம். ஸ்டர் காப்பி என்று நாம் கூப்பிடும் ஃபங்ஷனுக்கு இரண்டே விஷயம் தெரியும்: எங்கிருந்து எடுக்கணும், எங்கே வைக்கணும். வைக்கிற இடம் எவ்வளவு பெரிசு என்று அதற்குத் தெரியாது, கேட்கவும் கேட்காது. பூஜ்யம் வரும் வரை ஓடும். தீசிஸில் ரிட்சி ஆராய்ந்தது நுழையும் முன்பே எண்ணிக்கை தெரிந்த லூப். உலகம் அவர் பேரைச் சொல்லி அதிகம் ஓட்டியதோ எண்ணிக்கையே தெரியாத இந்த லூப்.

எங்க ஊரை வச்சே ஒரு கணக்கு பார்ப்போம். எழுமலை, மதுரை மாவட்டம், உசிலம்பட்டியிலிருந்து பஸ். (திருப்பதி ஏழுமலை இல்லை, எத்தனை தடவை சொல்றது!) ஒரு ஃபார்மில் ஊர்ப் பெயருக்கு 16 பைட் ஒதுக்கி இருக்கிறார்கள் என்று வைங்க. ஆங்கிலத்தில் எங்க ஊர் 9 எழுத்து, பூஜ்யத்தோடு 10 பைட், தாராளமாக உட்காரும். தமிழில் கண்ணுக்கு நாலே எழுத்து: எ, ழு, ம, லை. ஆனால் யூனிகோடில் உகர, ஐகாரக் குறிகள் தனி என்பதால் அது 6 குறியீடு. யூடிஎஃப்-8-ல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ஆக 18, பூஜ்யத்தோடு 19. 16 இடத்தில் 19 பைட். மிச்சம் மூணு பைட் எங்கே போகும்? பக்கத்து இடத்துக்கு. பாத்தியில் தண்ணி பாய்ச்சும்போது மடையை அடைக்கலைன்னா அடுத்த பாத்திக்குத் தண்ணி போகிற மாதிரி. அடுத்த பாத்தியில் என்ன நட்டிருக்கோ அது அழுகும்.

அடுத்த பாத்தியில் என்ன இருக்கும்? ஃபங்ஷனுக்குள் இருக்கிற அர்ரே ஸ்டாக்கில் இருக்கும். அதே ஸ்டாக்கில் கொஞ்சம் தள்ளி, இந்த ஃபங்ஷன் முடிந்ததும் எங்கே திரும்பிப் போக வேண்டும் என்ற ரிட்டர்ன் அட்ரஸ் இருக்கும். வழிந்த பைட்டுகள் அதன் மேல் விழுந்தால் புரோகிராம் வேறெங்கோ போகும். தெரியாமல் விழுந்தால் கிராஷ். தெரிந்தே ஒருவன் கணக்குப் போட்டு விழ வைத்தால், அவன் சொன்ன இடத்துக்குப் போகும்.

1988 நவம்பர் 2 அன்று அதுதான் நடந்தது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மாரிஸ் எழுதிய வார்ம் இன்டர்நெட்டில் பரவியது. அது நுழைந்த வழிகளில் ஒன்று ஃபிங்கர் என்ற சர்வீஸ். அது கெட்ஸ் என்ற ஃபங்ஷனை வைத்து 512 பைட் பஃபரில் ஒரு வரியைப் படித்தது. கெட்ஸும் ஸ்டர் காப்பியின் அண்ணன் தம்பிதான், இடத்தின் அளவைக் கேட்காது. வார்ம் அனுப்பியது 536 பைட். சுமார் 6,000 மெஷின்கள் பாதிக்கப்பட்டதாக அன்று மதிப்பிட்டார்கள். அந்த மாணவரின் அப்பா ராபர்ட் மாரிஸ், பெல் லேப்ஸில் ரிட்சியோடு யூனிக்ஸில் வேலை பார்த்தவர், பாஸ்வேர்டை மறைத்து வைக்கும் முறையில் கை வைத்தவர். மகனுக்கு 1990-ல் மூன்று வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பும், சமூக சேவையும், அபராதமும் தண்டனையாகக் கிடைத்தன. பிற்பாடு அவர் எம்ஐடியில் பேராசிரியரும் ஆனார்.

அதே 1988-ல்தான் கே அண்ட் ஆர் இரண்டாம் பதிப்பு வந்தது. அடுத்த வருஷம் ஏஎன்எஸ்ஐ சியைத் தரப்படுத்தியது. கெட்ஸ் அதில் பத்திரமாக உள்ளே இருந்தது. அது ஏன் என்று எனக்கு இன்னும் கோபம்தான். ஏற்கெனவே எழுதிய கோடு உடையக்கூடாது என்பது கமிட்டிகளின் வழக்கமான நியாயம். வார்ம் வந்து ஒரு வருஷம் ஆகியும் அந்த நியாயம் ஜெயித்தது.

ரிட்சி சும்மா இருந்தாரா? இல்லை. 1990-ல் ஒரு யோசனை எழுதினார். பாயின்டர் வெறும் அட்ரஸை மட்டும் சுமக்காமல் தான் காட்டும் அர்ரேயின் அளவையும் கூடவே சுமந்து போகலாம் என்பது அதன் சாரம். ஊர்வலத்தில் முன்னால் போகிறவர் கையில் மறுபடியும் சீட்டு கொடுக்கிற வேலை! அது ஸ்டாண்டர்டில் ஏறவில்லை. 1999-ல் வந்த சியில் அளவு மாறும் அர்ரே வந்தது, ஆனால் அவர் கேட்ட வடிவில் இல்லை. மொழியை உண்டாக்கியவர் சொன்னதையே கேட்காத அளவுக்கு மொழி அவர் கையை விட்டுப் போயிருந்தது.

இப்ப நீங்க கேட்பீங்க, அதான் ஸ்டர் என் காப்பி இருக்கே, அளவு கொடுக்கலாமேன்னு. பிளேஸ்மென்ட் இன்டர்வியூவில் பாதுகாப்பான காப்பி எது என்று கேட்டால் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். தப்பு. அது பிறந்த கதையே வேறு. பழைய யூனிக்ஸில் டைரக்டரியின் ஒரு வரி 16 பைட். ஃபைல் எங்கே என்று காட்டும் எண்ணுக்கு 2, பெயருக்கு 14. பெயர் சிறியதாக இருந்தால் மிச்சத்தைப் பூஜ்யத்தால் நிரப்ப வேண்டும். சரியாக 14 என்றால் பூஜ்யத்துக்கு இடமே கிடையாது, தேவையும் இல்லை. அந்த வேலைக்குத்தான் ஸ்டர் என் காப்பி பொருத்தம். சாதாரண ஸ்டிரிங்குக்கு அதை எடுத்தால் எழுமலை 16 பைட் பெட்டியில் 16 பைட்டையும் அடைத்துக்கொண்டு உட்காரும், கடைசியில் பூஜ்யம் இருக்காது. வழியவில்லை, சரி. ஆனால் யாராவது அதைப் பிரிண்ட் செய்தால் கொடி பிடித்தவர் இல்லாத ஊர்வலம். அடுத்த பெட்டியில் இருக்கிறது பாஸ்வேர்டாக இருந்தாலும் சேர்த்துப் படித்துக் காட்டும்.

இதைச் சரிசெய்ய ஓபன்பிஎஸ்டி ஆட்களான டாட் மில்லரும் தியோ டி ராட்டும் ஸ்டர் எல் காப்பி என்று ஒன்றை எழுதினார்கள். 1998-ல் ஓபன்பிஎஸ்டியோடு வந்தது. இதற்கு முழுப் பெட்டி அளவையும் கொடுத்தால், ஒரு இடத்தைப் பூஜ்யத்துக்கு விட்டுவிட்டுத்தான் காப்பி செய்யும். கூடவே மூல ஸ்டிரிங்கின் முழு நீளத்தைத் திருப்பிச் சொல்லும். எங்க ஊருக்கு அது 18 என்று சொல்லும். பெட்டி 16 தான், ஆக வெட்டுப்பட்டது என்று நாம் தெரிந்துகொள்ளலாம். இந்த விடையைப் பார்க்காமல் போகிறவர்களுக்கு அது உதவாது. பார்க்காவிட்டால் பெட்டியில் எழுமல என்று நிற்கும். பெட்டி 15 பைட் என்றால் இன்னும் மோசம். எழும என்பதோடு ல-வின் முதல் இரண்டு பைட் மட்டும் தொங்கும், திரையில் கேள்விக்குறி வைரக்கட்டம் வரும். தமிழில் பெயர் பாதியில் உடைந்து நிற்கும் ரசீதுகளை நீங்க பார்த்திருந்தால், இப்படி ஒரு வெட்டு அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆகவே வெட்டுவதாக இருந்தால் எழுத்து எல்லையில் வெட்டணும், வெட்டவே கூடாது என்றால் நீளத்தை முதலில் அளந்து அதற்கேற்ற இடம் வாங்கணும்.

ஜிஎன்யூ சி லைப்ரரிக்காரர்கள் ஸ்டர் எல் காப்பியை இருபது வருஷத்துக்கு மேல் சேர்க்க மறுத்தார்கள். வெட்டுப்பட்டதைக் கவனிக்காமல் போக இது இன்னொரு வழி என்பது அவர்கள் பக்கத்து வாதம். 2023-ல்தான் சேர்த்தார்கள். லினக்ஸ் கெர்னலோ அதை எடுத்து, பிறகு ஸ்டர் எஸ் காப்பி என்று வேறொன்றுக்கு மாறி, 2024-ல் பழையதைத் தூக்கியே விட்டது. ஸ்டர் எல் காப்பி நீளம் சொல்வதற்காக மூல ஸ்டிரிங்கைப் பூஜ்யம் வரை முழுக்கப் படிக்கும். மூலத்திலேயே பூஜ்யம் இல்லை என்றால் அங்கேயும் வம்பு. புதியது இடம் தீர்ந்ததும் படிப்பதை நிறுத்திவிடும், வெட்டுப்பட்டால் எர்ரர் எண் தரும். நாலு வரி லூப்புக்கு அரை நூற்றாண்டுச் சண்டை.

இதெல்லாம் நமக்கு எதுக்கு, பைத்தான்ல எழுதினா போச்சுன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. எங்க ஊர்ப்பக்கம் தோட்டத்து மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டுகிறார்கள். எஸ்எம்எஸ் போட்டால் மோட்டார் ஓடும். அந்த மாதிரிப் பெட்டிக்குள் இருக்கும் மைக்ரோகண்ட்ரோலருக்கு எழுதுவது பெரும்பாலும் சிதான். ஆங்கில எஸ்எம்எஸ் 160 எழுத்து, அதனால் 161 பைட் போதும் என்று ஒருவர் எழுதிவிடலாம். தமிழ் எஸ்எம்எஸ் 70 குறியீடுதான், சின்னதாகத் தெரியும். அதை யூடிஎஃப்-8 ஆக மாற்றினால் 210 பைட், பூஜ்யத்தோடு 211. ஐம்பது பைட் பக்கத்துப் பாத்திக்கு. டெஸ்ட் பண்ணின ஆள் தமிழில் ஒரு மெசேஜ்கூட அனுப்பிப் பார்க்கலைன்னா, மோட்டார் எப்ப ஓடும் எப்ப நிக்கும்னு யாருக்கும் தெரியாது. நம்ம மினி புராஜெக்ட்டுகளில் ஜிஎஸ்எம் மாட்யூல் வைத்து இதேதான் செய்கிறோம்.

ஆனால் அந்தப் பூஜ்யத்தால் தமிழுக்கு ஒரு நன்மையும் நடந்தது. உலக எழுத்துகளை எல்லாம் அடக்க முதலில் வந்த 16 பிட் முறைகளில் ஆங்கில ஏ-வுக்கே ஒரு பைட் பூஜ்யமாக இருக்கும். சியில் எழுதிய ஃபங்ஷன்கள் அதைப் பார்த்ததும் ஸ்டிரிங் முடிந்தது என்று நின்றுவிடும். 1992-ல் தாம்சனும் ராப் பைக்கும் நியூஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து யூடிஎஃப்-8-ஐ வடிவமைத்தபோது, உண்மையான பூஜ்யத்தைத் தவிர வேறு எந்த எழுத்திலும் பூஜ்ய பைட் வராதபடி செய்தார்கள். ரிட்சியும் இருந்த அதே பெல் லேப்ஸ் குழுவின் பிளான் 9 சிஸ்டத்தில்தான் அது முதலில் ஓடியது. அதனால்தான் தமிழை அறியாத பழைய காப்பி லூப்புகூட, இடம் மட்டும் போதுமானதாக இருந்தால், எழுமலையை ஒரு புள்ளி சிதறாமல் கொண்டுபோய் வைக்கிறது.

ஆள் எப்படி என்று கேட்டால், கூச்ச சுபாவம், மென்மையான பேச்சு, மேடையில் தன்னை முன்னால் தள்ளாதவர். ஆனால் குறும்பு உண்டு. 1989-ல் ராப் பைக்கோடு சேர்ந்து, பென் அண்ட் டெல்லர் என்ற மேஜிக் ஜோடியை வரவழைத்து, தன் மேலதிகாரியும் நோபல் பரிசு பெற்றவருமான ஆர்னோ பென்ஸியாஸை ஒரு போலி கம்ப்யூட்டர் டெமோவில் நன்றாக ஏமாற்றினார். யூனிக்ஸைத் திட்டுவதற்கென்றே 1994-ல் ஒரு புத்தகம் வந்தபோது, அதற்கு எதிர்-முன்னுரை எழுதிக் கொடுத்தவரும் அவரே. தன் படைப்பில் ஓட்டை என்று சொன்னால் சண்டைக்கு வருகிற ஆள் இல்லை.

2007-ல் ஓய்வு பெற்றார். 2011-ல் தாம்சனோடு சேர்ந்து ஜப்பான் பரிசு. அந்த வருஷம் ஜூலையில் பவுல்-ஹென்னிங் கேம்ப் என்ற டென்மார்க் புரோகிராமர், அந்தப் பூஜ்யம்தான் கம்ப்யூட்டர் உலகத்துக்கு மிக அதிகம் செலவு வைத்த முடிவாக இருக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். விலைக் கணக்கில் எனக்கும் பெரிய மறுப்பு இல்லை. ஆனால் 24 கிலோபைட்டில் எடுத்த முடிவை 1971-ன் ஆட்கள் மேல் மட்டும் ஏற்றுவது நியாயமாகப் படவில்லை. மெமரி மலிவான பிறகும், வார்ம் வந்த பிறகும், மாற்றாமல் வைத்திருந்தவர்கள் பலர். இன்றைக்கும் கெட்ஸ் போட்ட லேப் மேனுவலை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறவர்களும் அதில் சேர்த்தி.

2011 அக்டோபர் 12 அன்று நியூஜெர்சியின் பெர்க்லி ஹைட்ஸில் தனியாக வசித்த வீட்டில் ரிட்சி இறந்து கிடந்தார். வயது 70. புற்றுநோயோடும் இதய நோயோடும் சில காலம் போராடியிருந்தார். ஒரு வாரம் முன்னால் ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்திருந்தார். உலகமே அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததால் இந்தச் செய்தி பலருக்கு வந்தே சேரவில்லை. ராப் பைக் நெட்டில் எழுதித்தான் தெரிந்தது. அடுத்த மாதம் வந்த ஃபெடோரா 16-ஐ அவருக்குக் காணிக்கை ஆக்கினார்கள்.

அதே வருஷம் டிசம்பரில் சியின் புதிய ஸ்டாண்டர்ட் வெளியானது. அதில்தான் கெட்ஸை முழுவதுமாக நீக்கினார்கள். ஸ்டர் காப்பி இன்னும் இருக்கிறது.

லைப்ரரிக்குப் போகாத அந்தத் தீசிஸ் என்ன ஆச்சுன்னு சொல்லாம விட்டுட்டேன். பல வருஷம் அதைத் தேடியவர்களுக்குக் கிடைக்கவில்லை. குடும்பத்தார் கொடுத்த பொருட்களில் ஒரு நகல் இருந்தது. கலிஃபோர்னியாவில் உள்ள கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் 2020-ல் அதை ஸ்கேன் செய்து வெளியிட்டது. எண்ணிக்கை தெரிந்த லூப்பைப் பற்றிய கணக்கு எல்லாம் அதில் டைப்ரைட்டர் எழுத்தில் இருக்கிறது. தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் பேப்பரில் அரியர் இல்லாதவர்கள் முதல் அத்தியாயத்தை முயற்சி பண்ணிப் பாருங்க.